வயிற்று வலி என்று எழுதிக்கொண்டார்கள்

தினசரிகளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் ஒரு செய்தி வரும். பெயர், வயது, ஊர், பிறகு 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த' என்று ஓர் அடைமொழி. சின்ன வயதில் அதைப் படிக்கும்போதெல்லாம் தமிழ்நாட்டில் இத்தனை பேருக்கா வயிறு வலிக்கிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். 2018 ஐப்பசியில் எனக்கும் அந்த வலி வந்தது. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த காவலர் ஒருவர்தான் அதை எனக்குக் கொடுத்தார்.

நல்ல மனிதர். என் அப்பா இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, வயித்து வலின்னு போட்டுக்கலாமா? உனக்கும் நாளைக்குத் தொல்லை இல்லை, எனக்கும் எழுத்து வேலை கம்மி" என்றார். அம்மா என்னை முந்திக்கொண்டு தலையை ஆட்டினாள். இடது கையில் ஊசி இருந்ததால் பேடை அவரே பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆண்டு மே 29-ம் தேதிதான் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115-வது பிரிவு. அரை வயதுகூட ஆகாத சட்டம். எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. காவலருக்குத் தெரிந்திருந்தாலும், முப்பது வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகாது. தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு ஏட்டைவிட்டுப் போவதற்கு 2024 ஜூலை 1, பாரதிய நியாய சன்ஹிதா வரும்வரை ஆயிற்று.

ஏன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடன் இருந்தது. தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது. வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தேன். மூன்றையும் கூட்டினாலும் காரணம் என்று ஒன்று வராது. எந்த மாத்திரை, எத்தனை என்பதையும் எழுத மாட்டேன். அது யாருக்கும் பயன்படக் கூடாத கணக்கு. எழுத வந்தது அதற்குப் பிறகான ஒன்றரை வருஷத்தைப் பற்றி. செத்தவனுக்காவது பேப்பரில் நான்கு வரி உண்டு. பிழைத்தவனுக்கு அதுவும் கிடையாது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முதலில் நிறுத்திய தனியார் மருத்துவமனையில் வாசலிலேயே, "போலீஸ் கேஸு, பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். போலீஸ் கேஸாக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருப்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். குமணன்சாவடியில் 108 வந்து ஏற்றிக்கொண்டது. பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலை, நகருக்குள் ஒரு அரசு மருத்துவமனை.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை வாந்தி வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை பசித்தது, இட்லி கேட்டேன். "ஒண்ணும் ஆகலம்மா, எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று அம்மாவை நச்சரித்தேன். அவளும் பாதி நம்பிவிட்டாள். அப்போது வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர், தங்கச்சி வயதுப் பெண், சொன்னாள்: "நல்லா இருக்கேன்னு நீங்கதான் சொல்றீங்க. உங்க லிவருக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை."

சேதி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. அதற்குள் முறிவு மருந்து ஏறியிருந்தது. இருபத்தொரு மணி நேரக் கணக்கு அது. பாட்டில் மாற்றும்போது அழுகிய முட்டை மாதிரி லேசாக ஒரு வாடை. சீக்கிரம் வந்ததால் இவ்வளவோடு போயிற்று என்றார்கள். மூன்றாம் நாள் ரத்தத்தில், கல்லீரல் அடிபட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.டி., 2,960. இருக்க வேண்டியது நாற்பதுக்குள். அந்த எண் அதற்கப்புறம் என் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரியாது.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள். மூலையில் சிவப்பு மையில் எம்.எல்.சி. என்று முத்திரை, போலீஸ் கேஸ் என்பதற்கு அடையாளம். கீழே, மருத்துவர்கள் மட்டுமே படிக்கும் எழுத்தில், ஒரு வாரம் கழித்துப் புற நோயாளிப் பிரிவில் காட்டவும் என்று ஒரு வரி. எதைக் காட்ட வேண்டும், யாரிடம், எத்தனை வாரம், எதைச் சாப்பிடலாம், எது வந்தால் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நூறு கட்டிலுக்கு நான்கு பேர் ஓடிக்கொண்டிருந்த வார்டு அது. அவர்கள்மேல் இன்றைக்கும் எனக்குக் கோபமில்லை. உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பயன்படுத்தும் முறை தனியாகக் கேட்க வேண்டியிருந்தது.

மனநல மருத்துவர் ஒருவரும் வந்து பத்து நிமிஷம் பேசினார். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். அம்மாவின் காதில் விழுந்தது 'கீழ்ப்பாக்கம்'. சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயர் அல்ல. 1794-ல் தொடங்கிய மனநலக் காப்பகம் இருக்கும் இடம் என்பதால் தலைமுறை தலைமுறையாகத் திட்டுவதற்குப் பயன்படும் சொல். "என் புள்ளை பைத்தியமில்லை" என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் தொடங்கியது.

மாங்காட்டில் இருந்துகொண்டு மஞ்சள் காமாலைக்குப் பயப்படுவது பெரிய அபத்தம். ஊரே மஞ்சள். காமாட்சியம்மன் கோயில் தெருவில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் குவித்திருப்பார்கள். மஞ்சள் புடவை கட்டிய பெண்கள், மஞ்சள் குங்குமக் கடைகள், வரிசையாக நிற்கும் ஷேர் ஆட்டோக்கள். அதையெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் கண் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். டியூப் லைட்டில் ஒரு நிறம், குண்டு பல்பில் ஒரு நிறம், மொட்டைமாடி வெயிலில் இன்னொரு நிறம். காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார்க்கிறவர்கள் உண்டு, சூரியனைப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் சிறுநீரைப் பார்த்தேன். அதன் நிறத்தை வைத்து அன்றைய நாள் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்தேன்.

ஊசி குத்திய இடம் கன்றிப் போயிருந்தது. ரத்தம் உறையவில்லையோ என்று பயம். உடம்பு அரித்தது, பித்தமோ என்று பயம். முடி கொட்டியது. படியேறினால் மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும்விட மோசம், கை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் வேலை செய்பவன். மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை. இரண்டு நூறாம் பங்கு மில்லிமீட்டரைக் கண்ணாலும் விரலாலும் உணருகிற தொழில். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் கை லேசாக நடுங்கியது. அளவு எடுத்து, நோட்டில் எழுதப் போவதற்குள் எண் மறந்தது. மூளையும் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். மாத்திரை போன இடமெல்லாம் எதையாவது உடைத்துவிட்டுத்தான் போயிருக்கும் என்று தோன்றியது.

கேட்க ஆள் இல்லையா என்றால், ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் உண்மை தெரியாது. கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். பெரியப்பா வீட்டில் புட் பாய்சன். காவல் நிலையத்தில் வயிற்று வலி. ஆளுக்கு ஒரு நோய். ஒவ்வொருவரும் அவரவருக்குச் சொன்ன நோய்க்கு அக்கறையாக வைத்தியம் சொன்னார்கள்.

கம்பெனி போர்மேன் தினமும் திருவள்ளூர் பக்கத்திலிருந்து வருகிறவர். வயலோரம் பறித்த கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "மோர்ல அரைச்சுக் குடி, ஒரு மண்டலம்" என்றார். ஒரு வாரம் குடித்தேன். கீழாநெல்லியைப் பழிக்க நான் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு அதை ஹெபடைடிஸ்-பி கிருமிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும் அதில் ஒருவர். பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை என்பதும் சேர்ந்ததே அந்தக் கதை. ஆனால் அது கிருமிக்கான மருந்தாக இருக்குமா இல்லையா என்ற வழக்கு. எனக்குக் கிருமி இல்லை. அடிபட்டுக் கிடக்கிற கல்லீரலுக்குப் புதிதாக எதையும் கொடுத்து வேலை வாங்கக் கூடாது என்று பிறகு தெரிந்தது. போர்மேன்மேல் என்ன குற்றம்? காமாலை என்றேன், காமாலைக்கு மருந்து கொண்டுவந்தார்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். என் சட்டைப் பையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அப்போது சம்பளம் 19,000, வரம்பு 21,000. ரத்தப் பரிசோதனை, மருந்து, விடுப்புக்கான பணம் எல்லாம் சட்டப்படி கேட்கலாம். ஆனால் அந்தச் சிவப்பு முத்திரைத் தாளை டிஸ்பென்சரி மேஜையில் வைக்க வேண்டும். வைத்தால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை; நானாகவே போகவில்லை. ஏற்கெனவே கடனில் இருந்தவன், குன்றத்தூர் சாலையில் ஒரு சின்ன லேபில் கைக்காசு கொடுத்துக் குத்திக்கொண்டேன்.

இரண்டாம் வார முடிவில் 118. ஐந்தாம் வாரத்தில் 43. தாளில் 43 என்ற எண்ணுக்குக் கீழே தடித்த கோடு போட்டிருந்தார்கள். மேல் வரம்பு 40. டூல் ரூம்காரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ரிஜெக்ட். மூன்று புள்ளி அதிகமென்றால் அந்தப் பீஸ் பெட்டிக்குள் போகாது. அன்று இரவு தூங்கவில்லை. ஒரு வாரத்தில் மறுபடியும் குத்தினேன். 36. கீழே கோடு இல்லை. ஆனால் இந்த 36 சரிதானா? மறுபடியும் குத்தினேன். மூன்றாம் மாதம் 31 வந்தது. அதற்கப்புறமும் போனேன். லேபில் ரத்தம் எடுக்கிற பெண் என் முகத்தைப் பார்த்ததுமே கல்லீரல் பரிசோதனைச் சீட்டை எழுத ஆரம்பித்துவிடுவாள். ஒன்பதாவது தடவை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணா, நானும் இங்க காசு வாங்கிக்கிட்டுத்தான் வேலை பார்க்கறேன். ஆனா இதை எடுத்துக்கிட்டுப் போயி யார்கிட்ட காட்டறீங்க?" என்றாள்.

யாரிடமும் காட்டியதில்லை. எட்டுத் தாளும் பீரோவில், கம்பெனி காலண்டருக்குள் மடித்து வைத்திருந்தேன்.

அவள் கை காட்டிய இடம் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கிளினிக். பெரியவர், தஞ்சாவூர்ப் பக்கம், அப்போது நூறு ரூபாய் வாங்குவார். எட்டுத் தாளையும் மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். நான் காமாலை என்று ஆரம்பித்தேன். முதல் தாளில் இருந்த 118-ஐயும் தேதியையும் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னால எவ்வளவு இருந்தது?" என்றார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கம்பவுண்டரை வெளியே போகச் சொன்னார்.

"என்ன மாத்திரை தம்பி?"

வேறெந்த முன்னுரையும் இல்லை. சொன்னேன். மாங்காட்டில் அந்த உண்மையை முதன்முறையாக வாயால் சொன்னது அந்த நாற்காலியில்தான். அவர் முகம் மாறவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரலில் மற்றதையும் கேட்டார். பிறகு கல்லீரலைப் பற்றிச் சொன்னார். "குடிச்சுக் குடிச்சு வருஷக்கணக்கா கெட்ட லிவர் தழும்பு கட்டிப் போயிடும். உன்னுது அப்படி இல்லை. ஒரே அடி. அந்த அடியைத் தாங்கிட்டா அது வாழை மாதிரி. வெட்டின இடத்துல குருத்து வந்துடும். உனக்கு வந்துடுச்சு. ரத்தம் உறையறது, கிட்னி, எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை பார்த்துடலாம். அப்புறம் நீ லேபு பக்கம் போகக் கூடாது."

அந்த 43-ஐக் காட்டினேன். மேல் வரம்பு தாண்டியிருக்கிறதே?

"நீ என்ன வேலை பார்க்கிறே?" சொன்னேன். சிரித்துவிட்டார். "மனுஷன் லேத்துல கடைஞ்சு வந்தவன் இல்லைப்பா."

கண்ணைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்கச் சொன்னார். அதுவும் வாரத்துக்கு ஒரு முறை போதும். குடிக்கக் கூடாது. சளி, காய்ச்சல், தலைவலி மாத்திரைகளில் ஒரே சரக்கு வேறு வேறு பெயரில் இருக்கும், இரண்டைச் சேர்த்துச் சாப்பிடாதே, அட்டையின் பின்பக்கத்தைப் படி என்றார். கடைக்காரர் கொடுக்கிற லேகியம், பஸ்பம் எதுவும் ஆறு மாசத்துக்கு வேண்டாம். அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "வீட்ல இருக்கிற அத்தனை மாத்திரையும் உங்ககிட்ட இருக்கட்டும்மா. அவன் கேட்டா ஒண்ணு ஒண்ணா குடுங்க. அவன்மேல நம்பிக்கை இல்லாம இல்லை. இது கொஞ்ச காலத்துக்கு" என்றார். அன்றிலிருந்து அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் என் ஜலதோஷ மாத்திரையும் அவள் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் நடுவில், பீரோவின் உள்ளறையில், சாவி போட்டு இருந்தன.

கை நடுக்கமும் மறதியும்? "தூக்கம் எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். "கல்லீரல் சரியாயிடுச்சு. இனிமே ரிவ்யூ அதுக்கு இல்லை. நீ அந்த வெள்ளிக்கிழமை போகாம விட்டே பாரு, அங்க போ."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. கோயில் குளம் தாண்டியதும் நின்றாள். "கண்ணாடியில பார்க்கறே, லேபுக்கு ஓடறே, ராத்திரி எழுந்து எழுந்து வயித்தை அமுக்கிப் பார்க்கறே. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எதுவோ ஆயிடுமோன்னு பயமா இருக்காடா?" ஆமாம் என்றேன். "இரு. நல்லா பயப்படு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது கவலை இல்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதி.

அவள் தன் வழியில் ஒரு தொடர் சிகிச்சையை ஏற்கெனவே நடத்தி முடித்திருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாங்காட்டம்மனுக்கு ஆறு வார வேண்டுதல் உண்டு. முதல் வாரம் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோனால் அர்ச்சகர் ஒன்றைத் திருப்பித் தருவார். அதைப் பூஜையில் வைத்திருந்து அடுத்த வாரம் கொண்டுபோக வேண்டும். தவறாமல் ஆறு வாரம். என் ஆஸ்பத்திரித் தாளில் 'ஒரு வாரம்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லாதபோது, அம்மாவிடம் தேதி வாரியாகத் திட்டம் இருந்தது. வெள்ளீஸ்வரர் சன்னதிக்கும் இழுத்துப் போனாள். பறிபோன கண்ணுக்காகச் சுக்கிரன் வழிபட்ட தலம் அது. நாள் முழுக்கக் கண்ணில் மஞ்சளைத் தேடுகிறவனுக்குப் பொருத்தமான சாமிதான்.

சாமி விஷயத்தில் நான் அரைகுறை. ஆனால் இந்த ஊர்த் தலபுராணத்தில் ஒரு பகுதி அந்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐந்து தீக்கு நடுவில் கட்டைவிரலில் நின்று தவம் செய்தாள் அம்மன். சிவன் காட்சி கொடுக்க, காஞ்சிக்குக் கிளம்பிப் போனாள், கல்யாணத்துக்கு. தீயை அணைக்க யாருக்கும் நினைவில்லை. அவள் போன பிறகும் அது எரிந்துகொண்டே இருந்து ஊரே கருகியதாம். பிறகு ஆதிசங்கரர் வந்து எட்டு மூலிகைகளால் ஆன அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை நிறுவி வெம்மையைத் தணித்தார் என்பது கதை. எல்லோரும் தவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மிச்சமிருந்த தீயை அணைக்க வந்தவரைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மனநலப் பிரிவுக்குப் போனேன். அது கீழ்ப்பாக்கத்துப் பெரிய மதிலுக்குள் அல்ல. சாதாரண அரசு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைக்கு அடுத்த அறை. வரிசையில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மருந்து எழுதினார்கள், ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்கவில்லை, அதையும் அம்மா கையில் கொடுத்தார்கள். மாத்திரையால் விழுந்தவனுக்கு மாத்திரையா என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆறு வாரத்தில் தூக்கம் ஐந்து மணி நேரமானது. எட்டாம் வாரம் கை நடுக்கம் நின்றது. அளவும் மறக்கவில்லை. மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தூங்காதவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கிறது.

அங்கே இருந்த ஒரு சமூகப் பணியாளர், இடையில் வராத வாரங்களில் போன் செய்வார். இரண்டு நிமிஷம். "எப்படி இருக்கீங்க? தூங்கறீங்களா? சாப்பாடு? வெள்ளிக்கிழமை வருவீங்கதானே?" இவ்வளவுதான். மெஷின் சத்தத்தில் சரியாகக்கூடக் கேட்காது. ஆனால் அந்த அழைப்பு வருகிற நாளில் காலையிலிருந்தே போன் சட்டைப் பையில் இருக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு என்று பின்னால் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கணக்கில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், பக்கத்தில் கொழும்பு, பிறகு நம் சென்னை. உயிரை மாய்க்க முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் விளக்கமான பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. ஒன்றாம் வாரம், இரண்டாம் வாரம், நான்கு, ஏழு, பதினொன்று, அப்புறம் மாதக்கணக்கில். புது மருந்து கிடையாது, கருவி கிடையாது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. 2008-ல் முடிவு வெளியானது. சென்னையில் இதை நடத்தியவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் சினேகா அமைப்பைத் தொடங்கியவர்.

2008-ல் நம்மூரிலேயே நிரூபித்து வைத்திருக்கிறார்கள். 2018-ல் எனக்குக் கிடைத்தது தாளில் ஒரு வரி. ஒன்பது போன் அழைப்புக்கு என்ன செலவாகும்? ஒரு நாள் ஐ.சி.யூ. கட்டிலின் செலவில் எத்தனை பேரை விசாரிக்கலாம்? இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாராவது விசாரிக்க நினைத்திருந்தாலும் எந்த நோயை விசாரித்திருப்பார்கள்? வயிற்று வலியையா, காமாலையையா, புட் பாய்சனையா?

2020-ல் கொரோனா வந்தபோது அந்தப் பழைய பயம் மறுபடியும் தலைதூக்கியது. ஜூலையில் எனக்குக் காய்ச்சல். தெருவை அடைத்துத் தகரம் அடித்திருந்தார்கள். காய்ச்சலுக்கு எந்த மாத்திரையைத் தொடவும் கை வரவில்லை. பெரியவர் கிளினிக்கைத் திறக்கவில்லை, போனில்தான் கிடைத்தார். "லிவர் பழைய லிவரேதான். டாக்டர் சொல்ற அளவு சாப்பிட்டா எல்லாருக்கும் என்னவோ அதான் உனக்கும். அம்மாகிட்ட குடு போனை" என்றார். அம்மா பீரோவைத் திறந்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் விழுங்குகிறவரை நின்று பார்த்தாள். அதுதான் அந்த இரண்டு வருஷத்தில் நான் விழுங்கிய முதல் காய்ச்சல் மாத்திரை. காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன், பழக்க தோஷம். வெள்ளையாகத்தான் இருந்தது.

பெரியவர் அடுத்த வருஷம் கிளினிக்கை மூடிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். மாங்காடு பேரூராட்சி நகராட்சி ஆயிற்று. கடனில் பாதி அடைந்தது, பாதி இருக்கிறது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதும் அதே வெள்ளிக்கிழமை அறையில்தான்.

சென்ற ஆண்டு கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். படிவத்தில் 'முன்பு வந்த நோய்கள்' என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் நின்ற பையன் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போனான். நான் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் எழுதினேன்: 2018, மாத்திரை அதிகம் சாப்பிட்டது, கல்லீரல் பாதிப்பு, குணம். டாக்டர் படித்தார். "இப்ப தூக்கமெல்லாம் எப்படி?" என்றார். ஏழு மணி நேரம் என்றேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எஸ்.ஜி.பி.டி. 28.

படிக்கிறவர்களில் யாருக்காவது மனம் அந்தப் பக்கம் போனால், சினேகாவின் எண் 044-24640050. தமிழக அரசின் 104-ம் டெலி மானஸின் 14416-ம் தமிழில் பேசும். உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால், ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொல்வதைக் கேட்காமல், நேரமாகிவிட்டதே என்றும் தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்து எந்தத் தேதி, எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்ன ஆயிற்று என்று அங்கே கேட்பார்கள். வயிற்று வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.